அவ கிடைச்சாளா

கழுத்துப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. கடைக்காரம்மாவின் விரல்கள் பொத்தானில் இருந்தன, காது வாசலில் இருந்தது.

"விடுக்கா. இனி யாரு கழுத்தைப் பார்க்கப்போறாங்க?" என்றான் தம்பி. அக்கா புருஷனின் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதில் அவனுக்கே மூச்சு வாங்கியது.

"ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. திறந்த கழுத்தோட படுக்க வைக்கச் சொல்றியா?"

"மாமா இத்தனை வருஷமும் அப்படித்தானே ஆபீஸ் போனாரு? இன்னிக்குப் பொத்தான் போட்டுவிட்டா அவங்களுக்கு ஆள் அடையாளம் தெரியாம போயிடும்."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்று பொத்தானை அமுக்கித் திணித்துவிட்டு, அவர் தலையைத் தலையணையில் வைத்து, முடியைக் கையாலேயே வாரிவிட்டாள். ஆபீஸ் என்றால் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவள் கணக்கில் ஒரே ஒரு ஆள்தான். அலைக்காரி.

பெயர் அவள் வைத்ததுதான். திரைச்சீலை, படுக்கை விரிப்பு, தலையணை விற்கிற கடை அவளுடையது. அப்பா கைமாற்றிக் கொடுத்த கடையைப் பக்கத்துக் கடையையும் சேர்த்து இடித்துப் பெரிதாக்கியவள். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தே உள்ளே வந்திருப்பது வாங்குகிற ஆளா, மழைக்கு ஒதுங்கிய ஆளா என்று சொல்லிவிடுவாள். வருகிறவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரு பட்டப்பெயர் இருந்தது. துணியைப் பிரித்துக் குவிக்கச் சொல்லிவிட்டு 'அப்புறம் வர்றேன்' என்று போகிறவருக்கு அப்புறம் என்றே பெயர். அந்த வரிசையில் புருஷனோடு வேலை பார்த்த பெண் அலைக்காரி ஆனாள்.

அவருடைய வேலை ராடார். கடலில் தொலைந்த படகுகளைத் தேடுகிற ராடார். யந்திரத்தைச் செய்வது வேறு ஆட்கள். அது எப்படிப்பட்ட அலையை, எந்த வடிவில், எவ்வளவு இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும் என்று தீர்மானிப்பது இவர். "கூப்பிடற விதமா கூப்பிட்டாத்தான் பதில் வரும்" என்பார். சுருதி ஏறிக்கொண்டே போகும் சீழ்க்கை மாதிரி ஒரு அலை, விட்டு விட்டுக் கொட்டுகிற மாதிரி இன்னொன்று. போய் மோதித் திரும்புகிற முனகலை வைத்துக்கொண்டு அங்கே கிடப்பது படகா பாறையா, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்ல வேண்டும். கல்யாணம் பேச வந்தபோது அவள் அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "மாப்பிள்ளை சத்தம் போட்டுட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கார். அதுக்குச் சம்பளமா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சாப்பாட்டு நேரத்துப் போன்.

"அவ கிடைச்சாளா?" என்று கேட்பார், தட்டில் கை காய. மறுமுனையில் பெண் குரல். "இல்லையா? எங்க விட்டே? அட, மறுபடியும் அதே இடமா!" என்று சிரிப்பார். வயிற்றிலிருந்து கிளம்பி வருகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை ஒருமுறையாவது வீட்டுக்குள் வரவழைக்கக் கடைக்காரம்மா என்னென்னவோ செய்து பார்த்தாள். கடையில் நடந்த கூத்தையெல்லாம் நடித்தே காட்டினாள். புன்னகை கிடைத்தது. சில்லறையெல்லாம் வீட்டுக்கு, நோட்டெல்லாம் அங்கே.

"யாருங்க அந்த அவ?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அது ஆபீஸ் சமாசாரம்" என்று சொல்லி, கழுத்துவரை சிவந்துபோய்க் கை கழுவ எழுந்துகொண்டார். சரக்கில் ஓட்டை இருந்தால் விற்கிறவன் முகம் எப்படிச் சிவக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஒருமுறை அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கிற சாக்கில் ஆராய்ச்சிக்கூடத்துக்கே போனாள். திரைக்கு முன்னால் இரண்டு தலைகள் குனிந்திருந்தன. நடுவில் ஒரு விரலிடை இருந்தால் அதிகம். திரையில் பச்சையாய் ஏதோ கோடு. இவள் வந்து நின்றதே இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கண்ணாடி இல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் இருந்தவள் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பு நடந்திருந்தால் சண்டை போடலாம். கடைத்தெருவே கூடுகிற மாதிரி போடத் தெரிந்தவள்தான். அங்கே நடந்தது கணக்கு. கணக்கோடு எந்தப் பொம்பளை மல்லுக்கு நிற்பது?

ஆஸ்பத்திரியில் அவர் படுத்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்தது. வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். இனி இவர் எனக்குத்தான் என்கிற திருப்தி. முந்தாநாள் அலைக்காரி அடையாள அட்டை கழுத்தில் ஆட வராந்தாவில் ஓடி வந்தாள். "தூங்கறார்" என்று அங்கேயே மறித்து அனுப்பிவிட்டாள் கடைக்காரம்மா. உள்ளே அவர் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் வந்தது?"

"ரத்தம் எடுக்கிற பொண்ணு. அப்புறம் வரச் சொல்லிட்டேன்."

நேற்று மாலை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நேரம். அவர் கை இவள் கைக்குள்தான் இருந்தது. உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தாள்.

"அவளைக் காணோமே."

"நான் இங்கதாங்க இருக்கேன். உங்க பக்கத்துலேயே."

அவர் கண் இவளைத் தாண்டி எங்கோ அலைந்தது. "அவளைக் காணோம். பாரேன்" என்றார் மறுபடியும். அதற்கப்புறம் பேசவில்லை.

கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டவர்களிடமெல்லாம் "தண்ணி கேட்டார்" என்று சொன்னாள். தம்பியிடமும் அதையேதான் சொன்னாள்.

வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவர் முன்னால் வந்தார். பின்னால் இளைஞர்கள் சிலர், கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல். எல்லோருக்கும் கடைசியாக அலைக்காரி. அவள் காலைத்தான் கடைக்காரம்மா முதலில் பார்த்தாள். தட்டையான கறுப்பு ஷூ. ஒன்றில் கயிறு ஒழுங்காகக் கட்டியிருந்தது, இன்னொன்றில் கட்டவே இல்லை. நரைத்த தலை, சீவியும் சீவாமலும். அழுது வீங்கிய முகம். 'நான் அழுததைவிட அதிகமா அழுதிருக்கா' என்று முதல் கணக்கு ஓடியது மனதில்.

தம்பி நாற்காலிகளை இழுத்துப் போட்டான். மௌனத்தைத் தாங்குகிற உடம்பு இல்லை அவனுக்கு. "எங்க மாமா இருக்காரே, கடல்ல ஒரு தக்கை மிதந்தா இங்கேர்ந்தே சொல்லிடுவாரு. ஆனா வீட்டுச் சாவி அவர் சட்டைப் பையிலேயே இருக்கும், தெருவெல்லாம் தேடுவாரு" என்றான். இளைஞர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். அலைக்காரி மட்டும் சட்டென்று சிரித்து, வாயைப் பொத்தி, அதிலேயே அழத் தொடங்கினாள். சாவி கதை அவளுக்கும் தெரிந்திருந்தது.

மற்றவர்கள் வெளியே நிழலுக்குப் போனார்கள். வண்டி வர நேரமிருந்தது. "உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்று கடைக்காரம்மா அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனாள். உபசாரம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதை எடுத்த எடுப்பில் கேட்கிற வியாபாரி உருப்பட்டதில்லை. நீலத் துணி வேண்டுமென்றால் சிவப்பைத் தடவிப் பார்க்க வேண்டும்.

"ரொம்ப வருஷமா கூட வேலை பார்த்தீங்க."

"ஆமா மேடம். வேலைக்குச் சேர்ந்ததே சார்கிட்டதான்."

"வீட்டுல எதுவும் சொல்லமாட்டார். என்ன வேலைன்னுகூட எனக்கு உருப்படியா தெரியாது."

அலைக்காரி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது. அதுவே கடைக்காரம்மாவுக்கு எரிந்தது. "ஒரு அலையில எல்லாம் கிடைக்காதுக்கா. தூரத்தைத் துல்லியமா பிடிச்சா வேகம் குழம்பும். வேகத்தைப் பிடிச்சா தூரம் குழம்பும். எங்க லேப்ல இதைத் தலையணைக் கணக்குன்னு சொல்லுவோம். ஒரு பக்கம் அமுக்கினா இன்னொரு பக்கம் புடைக்கும். உள்ள இருக்கிற பஞ்சு என்னமோ குறையப்போறதில்ல."

மேடம் எப்போது அக்கா ஆயிற்று என்று அவள் கவனிக்கவில்லை. கடைக்காரம்மா கவனித்தாள். எந்த முறையில் அக்கா? இளையவள் மூத்தவளைக் கூப்பிடுகிற முறையிலா?

ஆனால் அதைவிடப் பெரிதாய்க் குத்தியது தலையணை. அது அவள் சொன்னது. கல்யாணமான புதிதில், கடையில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தபோது அவர் முக்காலியில் உட்கார்ந்து தன் வேலையில் இருந்த தலைவலியை விளக்கினார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது தலையணை மாதிரிங்க. இங்க அமுக்கினா அங்க வரும்" என்றாள். அவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். மறந்திருப்பார் என்று நினைத்திருந்தாள். காணாமல் போன பாத்திரத்தைப் பக்கத்து வீட்டு அடுப்பில் பார்த்த மாதிரி இருந்தது.

போதும், சிவப்பைத் தடவியாயிற்று.

"கடைசியா ஒண்ணு சொன்னார்" என்றாள், அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே. "'அவளைக் காணோம், பாரேன்'னார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா, யாரைன்னு?"

துடைத்த கை நிற்கவில்லை. முதுகு முழுக்கக் காதாக இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது அலைக்காரி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைத்தான்."

"நான் பக்கத்துல உக்கார்ந்திருந்தேன். என் கை அவர் கையில இருந்தது."

"இந்த உங்களை இல்லக்கா. அந்த உங்களை. சார் உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

"எதை?"

"கடற்கரையில நடந்தீங்களே, அதை."

ஞாபகம் வரச் சற்று நேரம் பிடித்தது. கல்யாணமான வருஷம். கடலோரத்தில் தகர அறை ஒன்றில் யந்திரத்தை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். நடப்பதற்குக் கூலிக்குப் பேசிய ஆள் வரவில்லை. சாப்பாடு கொண்டுபோன இவளைப் பார்த்து, "தண்ணி ஓரமா அந்தப் பாறை வரைக்கும் நடந்துட்டு வாயேன், நிக்காம நடக்கணும்" என்றார். நடந்தாள். திரும்பி வந்ததும் அவர் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட்டார். அவ்வளவுதான்.

"அந்த நடையை அப்படியே கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கோம்" என்றாள் அலைக்காரி. "ஒவ்வொரு அடி, கை வீசறது, எல்லாம். எந்தப் புது அலை போட்டாலும் முதல்ல அது மேலதான் விட்டுப் பார்ப்போம். கடலலைக்கு நடுவுல ஒரு ஆள் நடக்கிறதைப் பிடிச்சா, சின்னப் படகைப் பிடிச்ச மாதிரி. லேப்ல அதுக்குப் பேரே 'அவ'தான். 'அவ கிடைச்சாளா?' இதுதான் சார் முதல்ல கேக்கறது. வீட்டுல சொல்லுங்க சார்னு எத்தனையோ தடவை சொன்னேன். 'சொன்னா என் கடைக்காரி வாடகை கேப்பா'ம்பார்."

கடைக்காரம்மா துணியைப் பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

"உங்களை நேர்ல பார்க்கறதுக்கு ரொம்ப முன்னாடியே உங்க நடை எனக்குத் தெரியும்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "இடது கையைக் கொஞ்சம் அதிகமா வீசுவீங்க. மணல் இளகின இடத்துல வேகம் குறையும். எனக்கு உங்க மேல அவ்வளவு கோபம் வரும் தெரியுமா? நான் உயிரைக் கொடுத்து ஒரு அலை போட்டுக் கொண்டு வருவேன். சார் அதைப் பாராட்டமாட்டார். 'முதல்ல அவளைக் கண்டுபிடி'ம்பார்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். கடைக்காரம்மாவுக்கு உடம்பு முழுக்கத் தீ பரவியது. இத்தனை வருஷம் எவளையோ நினைத்துப் பொறாமைப்பட்டாள், ஆள் தெரியாமல். இப்போது ஆள் தெரிந்துவிட்டது. கையை வீசிக்கொண்டு மணலில் போகிற அந்தச் சிறுபெண். அவளை நடுவில் வைத்துக்கொண்டு இவர்கள் இரண்டு பேரும் ஒரு குடும்பமே நடத்தியிருக்கிறார்கள். கிடைத்தாள், காணோம், சிரிப்பு, கோபம், எல்லாம் அங்கே. வீட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டு, இதோ இருக்கிறேன் என்று நின்றவளுக்குப் புன்னகை.

"அப்புறம் எதுக்குக் காணோம்னார்?"

"நடுவுல ஒரு இடத்துல நீங்க நின்னுட்டீங்க."

கை நின்றது.

"அசையாம இருக்கிற எதையும் எங்க கணக்கு தள்ளிடும்க்கா. பாறை, கரை எல்லாத்தையும் கழிச்சாத்தானே நகர்றது தெரியும்? நீங்க நின்னதும் உங்களையும் பாறையோட சேர்த்துக் கழிச்சிடும். புள்ளி போயிடும். மறுபடி நடந்தா வேற யாரோன்னு நினைச்சுக்கும். எவ்வளவு நல்ல அலையா இருந்தாலும் அந்த இடத்துல அறுந்துடும். வெட்டிடலாம் சார்னு எல்லாரும் சொன்னோம். விடமாட்டேன்னுட்டார். எஞ்சின் நின்னுபோன படகும் அப்படித்தானே நிக்கும், அதை யார் தேடறதுன்னு கேப்பார்." தம்ளரை நகர்த்தி வைத்தாள். "அன்னிக்குப் புள்ளி மறைஞ்சதும் பயந்துபோய் வெளிய ஓடி வந்தாராம். அலை இழுத்துடுச்சோன்னு. அதுக்குள்ள நீங்க நடக்க ஆரம்பிச்சிட்டீங்களாம். முதுகைத்தான் பார்த்தாராம்."

வெளியே தம்பி யாருக்கோ சாவி கதையை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தான்.

"முந்தாநாள் கிடைச்சிட்டா" என்றாள் அலைக்காரி. "சார் படுக்கறதுக்கு முன்னாடி போட்டுக் கொடுத்த அலை. நீளமா நின்னு கேக்கிற மாதிரி. பாறை கொஞ்சமும் அசையாது. நிக்கிற மனுஷி அப்படி இல்ல, மூச்சு விடுவா, ஆடுவா. அந்த அசைவைப் பிடிச்சிடுச்சு. நீங்க நின்னீங்க, புள்ளி போகல. நின்ன இடத்துலேயே நின்னுது. அதைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன்."

கடைக்காரம்மா துணியை மடித்து மேடையில் வைத்தாள்.

"தூங்கறார்னீங்க. சரி, எழுப்ப வேண்டாம், நாளைக்கு வந்து சொல்லலாம்னு போனேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரம்மா அதை இறுக்கி மூடினாள். மூடியதை மறுபடியும் இறுக்கினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? லேப்ல எல்லாரும் பந்தயமே கட்டியிருக்கோம். சார்கிட்ட கேட்டா தெரியலைம்பார். அந்த இடத்துல ஏன் நின்னீங்க?"

ஏன் நின்றாள் என்பது நேற்று நடந்தது போலத் தெரிந்தது. நிற்காமல் நடக்கச் சொன்னவன், நின்றால் என்ன செய்வான் என்று பார்க்கத்தான் நின்றாள். தகர அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, யந்திரம் இல்லாமல், வெறுங்கண்ணால் தன்னைப் பார்ப்பானா என்று. புதுப் பெண்டாட்டிக்கு வேறென்ன கேள்வி இருக்கும்? கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். திறக்கவில்லை. சரி போ என்று திரும்பி நடந்தாள். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

எதிரில் அலைக்காரி கண்ணை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். வேண்டியது என்ன என்பதை இவ்வளவு பச்சையாக முகத்தில் எழுதி வைத்துக்கொண்டு யாரும் கடைக்கு வரக் கூடாது.

"செருப்பு அறுந்துபோச்சு" என்றாள் கடைக்காரம்மா.

"செருப்பா!" அவள் முகத்தில் ஏமாற்றமும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. "ஒருத்தன் சிப்பி பொறுக்கினீங்கன்னான். நான் முள்ளு குத்திடுச்சோன்னு நினைச்சேன். செருப்பு! சார் கேட்டிருந்தா..."

"ஆமா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அக்கா" என்று தம்பி வாசலிலிருந்து குரல் கொடுத்தான். "வண்டி வந்தாச்சு. தூக்கலாமா?"

"கொஞ்சம் இரு."

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். துறைத் தலைவர் மேல்பொத்தானைச் சரிசெய்துகொண்டார். கட்டிலில் புருஷனுக்கு மார்புவரை வெள்ளை விரிப்பு போர்த்தியிருந்தது. கைகள் அதற்குள்ளே இருந்தன. கடைக்காரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ஒருமுறை திரும்பி, சமையலறை நிலைப்படியில் அலைக்காரி நிற்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு நகர்ந்து, அந்தப் பக்கத்தை முதுகால் முழுக்க மறைத்து உட்கார்ந்தாள். அவள் கை விரிப்புக்கு அடியில் போய் அவர் கையைத் தேடியது.

தம்பி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றான். நிலைப்படியில் நின்றவள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

விரிப்பு ஓரிடத்தில் லேசாக எழும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அடங்கியது.